நோட்டும் செக்கும்

கொழும்பு செட்டியார் தெருவுக்கு இன்று யாரும் கடன் கேட்டுப் போவதில்லை. தாலிக்கொடிக்கும் காப்புக்கும் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கம் மின்னும் அந்தக் கடை வரிசையில்தான் நூறு வருடத்துக்கு முன்பு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் பாய், முன்னால் சரிவான மேசைப்பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டி, பக்கத்தில் பேரேடு. செட்டியார்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கட்டிய கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. ஆடி மாதம் அங்கிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிப் பக்கமும் வெள்ளவத்தைப் பக்கமும் வேல் போய்வருவதும் இருக்கிறது. வட்டியும் இருக்கிறது. பெரிய தெருவில் பெயர்ப்பலகையோடு இருந்தது, இப்போது ஒழுங்கைக்குள்ளும் மாடிவீட்டுப் படிக்கட்டிலும் பெயரில்லாமல் இருக்கிறது.

இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்று, செட்டியார் கடனாளியிடம் வாங்கிவைத்த நோட்டு; புரோநோட்டு என்று சொல்வோமே, அது. மற்றது, இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடன்கொடுக்கிறவர் வாங்கிவைக்கும் வெற்றுச் செக். வட்டிவீதத்தைப் பற்றி எல்லோரும் வாய் கிழியப் பேசுகிறோம். அந்த வீதம் எந்தத் தாளில் எழுதப்படுகிறது, எந்தத் தாளில் எழுதப்படாமலே போகிறது என்பதைக் கேட்பவர் குறைவு. கொள்ளை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

செட்டியாரிடமிருந்து ஆரம்பிப்போம். செட்டிநாட்டிலிருந்து வந்த இவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் காலூன்றியபோது, பிரித்தானிய வங்கிகள் வெள்ளைக்காரத் தோட்டக்காரருக்கும் ஏற்றுமதிக் கம்பனிக்கும்தான் திறந்திருந்தன. இலங்கையர் ஒருவர் நேரே போய்க் கடன் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த வங்கிகள் செட்டியாரை நம்பிக் கொடுத்தன. செட்டியார் அதன்மேல் தன் வட்டியை ஏற்றித் தென்னந்தோட்டக்காரருக்கும் அரிசி வியாபாரிக்கும் சீதனத்துக்குக் காசு தேடிய குடும்பத்துக்கும் கொடுத்தார். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்து தோட்டத் தொழிலாளியின் பானைக்குப் போன அரிசியின் பின்னால் இருந்ததும் பெரும்பாலும் இவர்களின் பணம்தான்.

அவர்களுடைய தொழிலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். கொழும்பில் இருப்பது மூன்று வருடக் கணக்குக்கு வந்த முகவர். கடைக்கு ‘விலாசம்’ என்று ஒன்று உண்டு: குடும்பத்தின் முதலெழுத்துகளை ஆவன்னா, ரூனா என்று அடுக்கிச் சொல்வது. அந்த எழுத்துகளுக்குள் இரண்டு மூன்று தலைமுறையின் மானம் இருந்தது. தங்களுக்குள் கொடுத்து வாங்க ‘நடப்பு வட்டி’ என்று ஒன்று. இரங்கூனில் மாதாமாதம் கோயிலில் கூடி அந்த வீதத்தைப் பேசி முடிவுசெய்தார்கள். இன்னாருக்கு எவ்வளவு, என்றைக்கு, எந்த வட்டிக்கு என்பது எல்லாம் பேரேட்டில் ஏறிவிடும். செட்டியார் இரக்கமானவரா என்பது வேறு கேள்வி. அவர் எழுதுகிறவர். இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம்.

எழுதியதால்தான் அவர் நீதிமன்றத்துக்கும் போனார். பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினால் வாதி இருக்கும் இடத்தில் ‘செட்டி’ என்று முடியும் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். நோட்டை மாவட்ட நீதிமன்றத்தில் காட்டினால் சுருக்க நடைமுறையில் வழக்கு ஓடும், தீர்ப்பு வரும், காணி ஏலத்துக்கு வரும். பிரதிவாதிக்கும் ஒரு கதிரை இருந்தது. தன் பக்கத்தை ஓர் அப்புக்காத்து வழியாகச் சொல்லலாம்.

இந்த இடத்தில் செட்டியாரை நல்லவராக்கிவிடக் கூடாது. 1925 இல் சில செட்டியார் கடைகள் நொடித்ததும் வங்கிகள் அவர்களுக்குக் கொடுப்பதைச் சுருக்கின. அவர்கள் தங்கள் கடனாளிகளை நெருக்கினார்கள். அடுத்து 1929 இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. தேங்காயும் இறப்பரும் விலை போகவில்லை. ஈடுவைத்த தோட்டங்கள் செட்டியார் கைக்கு மாறின. ஒரு தலைமுறைச் சிங்களவரும் தமிழரும் ‘செட்டி’ என்ற சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதற்கு அந்த வருடங்கள் காரணம். பொச்கானாவாலா தலைமையில் 1934 இல் வந்த வங்கி ஆணைக்குழு இதையெல்லாம் விசாரித்தது. அதன் தொடர்ச்சியாக 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த குடிவரவுக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் செட்டியாரின் கதையை முடித்துவைத்தன.

(இங்கே ஒரு குறுக்கீடு. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஹெட்டியாவத்தை என்று ஓர் இடம் இருக்கிறது. சிங்கள ‘ஹெட்டி’ நம்முடைய செட்டிதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் நெடுங்காலம் வாழ்ந்த கொழும்புச் செட்டிகள் வேறு சமூகம், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். வட்டிக்கடைப் பழியை அவர்கள் தலையில் போட்டுவிடக் கூடாது.)

அந்தக் காலத்தில் இன்னொரு கடன்காரரும் இருந்தார். ஆப்கானியர். நெட்டை உருவம், தலைப்பாகை, கையில் தடி. சம்பள நாளில் அலுவலக வாசலிலும் புகையிரதத் தொழிலகத்து வாசலிலும் வந்து நிற்பார். கிளாக்கருக்கும் தொழிலாளிக்கும் ஈடு இல்லாமல் கொடுத்தவர் அவர். அதனால் அவருடைய வட்டி செட்டியாரின் வட்டியைவிடப் பல மடங்கு. இன்றைய ஒழுங்கை வட்டிக்காரரைப் பார்த்துச் ‘செட்டி வேலை’ என்று திட்டுகிறோம். வம்சாவளி பார்த்தால் அவர் வாசலில் நின்ற ஆப்கானியரின் வாரிசு. கிட்டங்கியில் உட்கார்ந்தவருடைய வாரிசு இல்லை.

சட்டம் வந்தது 1918 இல். அந்த ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டம் இங்கிலாந்தின் 1900 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வட்டி மிதமிஞ்சியதாகவும் கொடுக்கல் வாங்கல் கொடூரமானதாகவும் இருந்தால் நீதிபதி கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம் என்றது. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் 10 ஆம் பிரிவு. கடனுக்கு நோட்டு வாங்கினால் அதில் மூன்று விஷயம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். உண்மையில் கைமாறிய முதல் எவ்வளவு. வட்டி, தரகு என்று முன்கூட்டியே கழித்தது எவ்வளவு. வருடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு வட்டி. இந்த மூன்றும் இல்லாத நோட்டை வைத்துக் காசு அறவிட முடியாது. தவறுதலாக விடுபட்டது, ஏமாற்றும் எண்ணமில்லை என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால்தான் விலக்கு.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பிரிவு இது! வட்டி கூடாது என்று அது சொல்லவில்லை. எழுது என்கிறது. எழுதிவிட்டால் நீதிபதி பார்ப்பார், கடனாளியின் பெண்சாதி பார்ப்பாள், வளர்ந்த பிள்ளை பார்க்கும். பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரத்தைக் கையில் வைத்த கதை அந்த மூன்று வரியில் வெளிப்பட்டுவிடும்.

இதைவிடப் பழைய காவல் ஒன்றும் உண்டு. உரோமன் டச்சுச் சட்டத்தில், தேங்கிய வட்டி முதலைத் தாண்டக் கூடாது. முதல் ஒரு லட்சம் என்றால், கட்டாமல் சேர்ந்த வட்டியும் ஒரு லட்சத்தைத் தொட்டதும் நிற்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் காவல் கட்டாமல் விட்டவனுக்குத்தான். மானத்துக்குப் பயந்து மாதாமாதம் ஒழுங்காக வட்டி கட்டுகிறவர், முதலைப்போல் மூன்று மடங்கு கட்டியிருந்தாலும், அவருக்கு வட்டி ‘தேங்கவே’ இல்லை. நாணயமானவருக்குக் கவசம் இல்லாத விதி இது.

இனி மற்றத் தாள்.

கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் கடன் ஒரே மாதிரி நடப்பதில்லை. கொட்டாஞ்சேனை நாளாந்தக் காசின் ஊர். துறைமுகமும் புறக்கோட்டையும் கிட்ட. மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை, ஆட்டோ, தள்ளுவண்டி, அப்பக்கடை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கத்து மெழுகுதிரிக் கடை. காலையில் முதல் போட்டு மாலையில் எடுப்பவர்கள். அதனால் கடனும் நாள் கடன். சிறிய அட்டை ஒன்று. தினமும் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒரு பெடியன் வருவான். நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு அட்டையில் கீறிவிட்டுப் போவான். தமிழ்நாட்டில் இதற்குத் தண்டல் என்று பெயர். நாங்கள் நாள் வட்டி என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கடன். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருகிறார். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள். ‘நூற்றுக்குப் பத்துத்தானே அண்ணே, அதுவும் மூன்று மாதத்துக்கு மேலே!’ என்பார் கொடுப்பவர். கேட்பவருக்கும் சரியென்றே படும். ஆனால் ஒன்பதாயிரம் நூறு நாளும் இவர் கையில் இருக்கவில்லையே. இரண்டாம் நாளே திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது. சராசரியாக இவர் கையில் இருந்தது ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு. அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருடக் கணக்கில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுகிறது. 1918 இன் 10 ஆம் பிரிவு கேட்கும் ‘வருடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு’ என்ற அந்த ஒரு வரியை அட்டையில் எழுதவைத்தால், பாதிப் பேர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் அந்த வரி இல்லை. நாள்களுக்கான கட்டங்கள் மட்டும் இருக்கும்.

வெள்ளவத்தை வேறு. எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகும் தொண்ணூறுகளிலும் வடக்கிலிருந்து வந்து தங்கியவர்களால் நிறைந்த ஊர். லொட்ஜ், மாடிவீடு, சேலைக்கடை, உண்டியல் கடை. வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரருக்குக் கட்டவேண்டிய பெருந்தொகை, மகளின் கல்யாணம், தீபாவளிக்குச் சரக்கு இறக்க வேண்டிய கடை. இங்கே கடன் லட்சத்தில். வட்டி மாதக் கணக்கில். ‘மூன்று வட்டி’, ‘ஐந்து வட்டி’, ‘பத்து வட்டி’ என்பார்கள்; மாதத்துக்கு நூற்றுக்கு என்ற சொற்கள் தொக்கி நிற்கும். அந்தத் தொகைநிலை இலக்கணத்தில் மட்டும் இருந்திருக்கலாம். பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் பத்தாயிரம். பத்தாம் மாதம் முதலளவு வட்டி போயிருக்கும். முதல் அசையாமல் அங்கேயே நிற்கும்.

இதன் அடுத்த படிதான் மீற்றர் வட்டி. வாடகைக் காரின் மீற்றரைப்போல நின்றாலும் ஓடும், நகர்ந்தாலும் ஓடும். லட்சத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஐந்நூறு என்று வைத்தால் மாதம் பதினையாயிரம். வருடம் நூற்றுக்கு நூற்றெண்பது. இரண்டு நாளில் வரவேண்டிய காசு வரும்வரை கடையின் செக் திரும்பாமல் காப்பாற்ற வியாபாரி இதை எடுப்பார். இரண்டு நாளுக்கு என்றால் வட்டி ஆயிரம்தான், பெரிதாகத் தெரியாது. இரண்டு நாள் இரண்டு மாதமானால் கடையே வட்டிக்காரருடையது.

இந்தக் கடன்களுக்கு வாங்கும் தாள்தான் செக். தொகை எழுதாமல், திகதி எழுதாமல், கையெழுத்து மட்டும் வைத்தது. சிலர் இரண்டு மூன்று வாங்குவார்கள். அதோடு அடையாள அட்டைப் பிரதி, சில வேளை வாகனப் புத்தகம். நோட்டு வாங்குவது அருகிவிட்டது. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நோட்டு என்றால் மூன்று வரி எழுதவேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போடவேண்டும். நீதிபதி கணக்கைத் திறக்கலாம். செக்கில் வட்டி என்று ஒரு கட்டமே கிடையாது. 1990 இன் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவதைக் குற்றமாக்கியது. ஒரு வருடம்வரை சிறை. அந்தச் சட்டம் வங்கிகள் கடனை விரைவாக அறவிடுவதற்காக வந்தது. 25 ஆம் பிரிவோ செக் கையில் உள்ள எல்லோருக்கும் பயன்பட்டது.

ஆக, நோட்டு வைத்திருப்பவர் வாதி. செக் வைத்திருப்பவர் முறைப்பாட்டுக்காரர். முதலாமவர் வழக்குச் செலவு போட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாமவர் செக்கில் தனக்குப் பிடித்த தொகையை நிரப்பி, வங்கியில் போட்டு, அது திரும்பியதும் பொலிஸுக்குப் போகலாம். ‘செக் பிணையாகக் கொடுத்தது, கடனில் பெரும்பகுதி கட்டியாயிற்று’ என்று சட்டத்தரணி வாதாடலாம்தான். வாதாடுவதற்கு முன் கடனாளி பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு பகல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பகலே தண்டனை.

பெரும்பாலும் அதுவரை போவதும் இல்லை. தொலைபேசியில் ஒரு வசனம் போதும்.

“தம்பி, செக்கை நாளைக்கு வங்கியில போடப் போறன்.”

“ஐயோ அண்ணை, ரெண்டு நாள் பொறுங்கோ. வெள்ளிக்கிழமை வட்டியைக் கொண்டந்து தாறன்.”

மிரட்டல் என்று இதைச் சொல்ல முடியுமா? கையில் உள்ள செக்கை வங்கியில் போடுவது அவர் உரிமை. கத்தி இல்லை, தடி இல்லை. குரல்கூட உயரவில்லை. ஆப்கானியரின் தடியைவிட இந்தத் தாள் உறுதியாக வேலை செய்கிறது.

செக்குக்கு மேலே ஒரு தாள் இருக்கிறது. தொகை பெரிதாகும்போது அது வரும். காணி உறுதி. செட்டியார் காணியை ஈடு பிடித்தார். ஈட்டு உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தார். இது கடன், இவ்வளவு முதல், இவ்வளவு வட்டி என்று உலகத்துக்குத் தெரியும். இன்றைய வட்டிக்காரர் ஈடு கேட்பதில்லை. அறுதியாக எழுதித் தரச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக் காணியோ வெள்ளவத்தை மாடிவீடோ விற்றதாக உறுதி முடிகிறது. ‘காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவன்’ என்பது வாய்ச்சொல். தாளில் கடனே இல்லை; விற்பனைதான் இருக்கிறது. வட்டி என்ற சொல் மட்டுமா, கடன் என்ற சொல்லே மறைந்துவிட்டது.

இதற்கும் நம்முடைய பழைய சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1917 இன் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் 83 ஆம் பிரிவு. உறுதி எழுதிக்கொடுத்தவர் அந்தச் சொத்தின் பயனை உண்மையில் கைவிட நினைக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் அவருக்காக அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஆகிறார். விற்ற பிறகும் விற்றவரே குடியிருந்தாரா? விலை சந்தை விலையைவிட மிகக் குறைவா? நொத்தாரிசுக்குக் காசு கட்டியது யார்? மாதாமாதம் ஏதாவது கட்டினாரா? நீதிமன்றங்கள் இப்படித் துருவிக் கேட்டுப் பல காணிகளைக் காப்பாற்றியிருக்கின்றன. இந்த வழக்குகள் பத்து வருடம், பதினைந்து வருடம் ஓடுவதுதான் பரிதாபம். அதற்குள் வழக்காளியின் பிள்ளைகள் கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிடுகிறார்கள்.

அக்கரையில், தமிழ்நாட்டில், என்ன செய்தார்கள் என்று ஒரு பார்வை. 2003 மே மாதம் சினிமாத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்று பேசப்பட்டது. ஜெயலலிதா அரசு அந்த ஆண்டே மிகைவட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் எனக்கு வியப்பானது தண்டனை இல்லை; மூன்று வருடச் சிறையும் முப்பதாயிரம் ரூபாய் அபராதமும் எந்தச் சட்டமும் எழுதக்கூடியவை. சட்டத்தின் ஆங்கில வாசகத்துக்குள்ளேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சந்தையில் பேசும் சொல் சட்டப்புத்தகத்துக்குள் வந்துவிட்டது. நம்முடைய கட்டளைச்சட்டமோ நோட்டைப் பார்த்தது, தெருவைப் பார்க்கவில்லை. இலங்கைச் சட்டமன்றமும் ஒரு தமிழ்ச் சொல்லை உள்ளே விட்டிருக்கிறது: சீட்டு. 1935 இல் வந்த சீட்டுக் கட்டளைச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டுக்கும் கழிவுச் சீட்டுக்கும் சட்டப் பெயர் கிடைத்தது. மீற்றர் வட்டிக்குக் கிடைக்கவில்லை.

பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு கூலித்தொழிலாளி, மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்து இறந்தார். சட்டம் வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் அந்த வாசலுக்குப் போனதே அப்படி ஒரு சட்டம் இருந்ததால்தான் என்பதையும் யோசிக்கவேண்டும். 2022 இல் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று பெயரிட்டுக் கிளம்பியது. கொழும்பில் மீற்றர் வட்டிக்காரரிடம் அகப்பட்டவர் பொலிஸில் என்ன பெயரில் முறைப்பாடு எழுதுவார்? அடித்திருந்தால் தாக்குதல், மிரட்டியிருந்தால் அச்சுறுத்தல், பறித்திருந்தால் கப்பம். வட்டிக்கென்று ஒரு பெயர் இல்லை.

நம் நாட்டில் நடந்த ஒரே பெரிய விழிப்பு நுண்கடனைப் பற்றியது. 2016 இல் சட்டம். 2018 இல் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற உச்சவரம்பு. வறட்சி மாவட்டப் பெண்களுக்கு ஒரு லட்சம்வரையான கடன் தள்ளுபடி. அந்த வருடம் வந்த ஐ.நா. நிபுணர் சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம்வரை போவதாகச் சொன்னார். 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இவை எல்லாம் கிராமத்துக்கு வந்த கம்பனிகளைப் பற்றியவை. கொழும்பின் தனிமனித வட்டிக்காரர் இந்த வெளிச்சத்துக்குள் வரவில்லை. பிறரிடம் வைப்புப் பணம் வாங்கினால்தான் 2011 இன் நிதித்தொழில் சட்டம் குறுக்கே வரும். சொந்தக் காசைக் கடன் கொடுப்பவரை அது கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் காசு எல்லாம் முரடர்களுடையது என்று நினைப்பது தவறு. வெள்ளவத்தை மாடிவீட்டில் மகன் அனுப்பும் காசில் வாழும் ஒரு மாமி, வங்கி வட்டி போதாதென்று ஐந்து லட்சத்தை யாரோ ‘தெரிந்த பெடியனிடம்’ கொடுத்து மாதம் பதினையாயிரம் வாங்குகிறார். பெடியன் அதை மேலே பத்து வட்டிக்கு விடுகிறான். மாமிக்கு மூன்று வட்டி, பெடியனுக்கு ஏழு. வெள்ளிக்கிழமை கோயிலில் நெய்விளக்கு ஏற்றும் மாமிக்குத் தன் காசு எந்த ஒழுங்கையில் யாருடைய கதவைத் தட்டுகிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. செட்டியார் தன் வாடிக்கையாளரின் பெயரைப் பேரேட்டில் எழுதியிருந்தார். மாமியிடம் பேரேடு இல்லை.

வாங்குகிறவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. வங்கிக்குப் போனால் சம்பளப் பத்திரம், இரண்டு அரச ஊழியர் பிணை, மின்கட்டணச் சிட்டை. நாட்டாமிக்குச் சம்பளப் பத்திரம் எங்கே? நகை இருந்தால் அடகுக்கடை இருக்கிறது. அதற்கு 1942 ஆம் ஆண்டிலிருந்தே சட்டமும் இருக்கிறது. வங்கி அடகுக்கு 2020 இல் மத்திய வங்கி பத்து வீத உச்சவரம்பும் வைத்துப் பார்த்தது. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் எழுபது வீதத்தை எட்டியபோது கொழும்பில் எத்தனை கைகளில் காப்பு மிஞ்சியது? அடகுவைக்கவும் ஏதாவது வேண்டுமே. ஒன்றும் மிஞ்சாதவருக்குத்தான் செக்.

நோட்டு, செக் இரண்டையும் வைத்து என் தீர்ப்பைக் கேட்டால், செட்டியாரின் காலம் கருணையானது என்று சொல்லமாட்டேன். அன்றைய கொடுமையைத் தாளில் படிக்க முடிந்தது; இன்றையதைப் படிக்க முடியவில்லை. புதிதாக நூறு பிரிவுள்ள சட்டம் எழுதுவதற்கு முன், 1918 இன் அந்த மூன்று வரியைச் செக்குக்கும் நீட்டினால் என்ன? கடனுக்குப் பிணையாகச் செக் வாங்குகிறவர், முதல், கழித்த தொகை, வருட வட்டி மூன்றும் எழுதிய ஒரு துண்டைக் கடனாளிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதன் பிரதி இல்லாமல் 25 ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு எடுக்கக் கூடாது. ஒரு வரித் திருத்தம். நாடாளுமன்றத்தில் இருக்கும் சட்டத்தரணிகளுக்கு அரைமணி நேர வேலை.

அதுவரை, இதைப் படிக்கும் உங்களில் யாராவது நாளைக்கு வெற்றுச் செக்கில் கையெழுத்து வைக்கப் போவதாக இருந்தால், செக் புத்தகத்தின் அடிக்கட்டையில் செக் இலக்கம், உங்கள் கைக்கு வந்த தொகை, பேசிய வட்டி, திகதி நான்கையும் எழுதிவையுங்கள். கட்டும் ஒவ்வொரு சதத்தையும் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகப் போடுங்கள். வட்டிக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும். அந்த அடிக்கட்டையைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.